டயோரமாவில் இல்லாத கொட்டகை

திங்கட்கிழமை காலை செமோரிலிருந்து தொலைபேசி. அஞ்சலை அக்காவின் தம்பி. “அக்கா நேத்து போயிட்டாங்க சார். வேலைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லணும்ல, அதான்.”

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் சிறிய அருங்காட்சியகத்தைப் பல ஆண்டுகள் பெருக்கித் துடைத்தவர். அதற்கு முன் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. தோட்டம் விற்கப்பட்ட பிறகே நகரத்துக்கு வந்தார். அதே தோட்டத்தைத்தான் நாங்கள் மேசையளவில் செய்து கண்ணாடிக்குள் வைத்தோம்.

விளக்க அட்டையை நான் எழுதினேன். டயோரமா: ‘ஊடே’, ‘காட்சி’ என்னும் இரு கிரேக்க வேர்கள். முதலில் ஒளி ஊடுருவும் பெரிய ஓவியங்களுக்குப் பிரான்சில் வைத்த பெயர். பிறகு இத்தகைய சிற்றுலகங்களுக்கு வந்தது. எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணாடி பொருத்துமுன் அக்கா மரங்களைப் பார்த்துச் சிரித்தார். “யாரு தம்பி இத வெட்டுனது? கோடு இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கணும்லா. எங்கள வேல வாங்குற மண்டோர் பாத்தா கத்தியப் புடுங்கிருவான்.” எல்லா மரங்களிலும் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஊசியால் திருத்தினார்.

பிறகு கேட்டார். “ஆயாக்கொட்டகை எங்க?”

வெட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். தோட்ட அலுவலகத்தின் வரைபடத்தில் துரை பங்களா இருந்தது. ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீடு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்தன. அது இல்லை.

“வரைபடத்துல இல்லக்கா.”

“எம் மவன் அங்கதான் காய்ச்சல்ல போனான். நான் வெட்டுல நின்னேன். ஆள் வந்து சொல்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” லயங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே விரல் வைத்தார். “சின்னதா வெச்சாப் போதும்.”

திறப்பு விழா முடியட்டும் என்றேன். முடிந்தது. கண்ணாடியைப் பூட்டினோம். மறுபடி கேட்டார். சான்று வேண்டும் என்றேன். சான்று எதிரே நின்றிருந்தது. மூன்றாம் முறை கேட்டுவிட்டு அவரே சொன்னார்: “பரவால்ல தம்பி, ஒங்களுக்கு வேல இருக்கும்.”

அதன் பின் கேட்கவில்லை. தினமும் அந்தக் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அருங்காட்சியகத்தில் அவருக்கிருந்த அலமாரியைத் திறந்தோம். தீப்பெட்டியில் செய்த கொட்டகை. பால்டின் தகரத்தில் கூரை. பக்கத்தில் ஒரு துளை. ஊடே பார்த்தேன். நூலில் தொங்கும் துணித்துண்டு, தொட்டில்.

இன்று அதை உள்ளே வைத்துவிட்டேன். லயங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே.

என்னிடம் மிஞ்சியது சாவி. பூட்டிய பின் அவர் கேட்ட இரண்டு முறையும் அது என் மேசைக்குள்தான் இருந்தது.