ஆள் பிடிக்க வந்தவர் உழுத வயல்

ஊர் அவளுக்கு வைத்த பெயர் வெடி. அப்படிச் சிரிப்பாள். புகுந்த வீட்டில் கணவனும் மாமனாரும் மட்டும்தான்.

சண்டை மூண்ட வருஷம், கை கால் திடமான ஆண்கள் எல்லோரும் பட்டாளத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. கணவனும் கிளம்பினான். போகிற அன்று அவன் பெண்டாட்டியிடம் பேசியதைவிட உழவு மாடுகளிடம் பேசியதுதான் அதிகம். அதில் அவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

மழை பெய்து மண் பதமானதும் அவளே ஏர் பூட்டினாள். மாடுகள் அசையவில்லை. கொஞ்சினாள், திட்டினாள், வாலை முறுக்கினாள். ஊஹூம். தினமும் தீனி போடுகிற குரல் அவளுடையது. அதைக் கேட்டால் அசைபோடத்தான் அவற்றுக்குத் தெரியும்.

வரப்பில் உட்கார்ந்திருந்த மாமனார் பொக்கை வாயைத் திறந்தார்.

"அவன் துணியைப் போட்டுக்கம்மா. அவனை மாதிரியே கெட்ட வார்த்தையில திட்டு. அதுங்களுக்கு அதுதான் பழக்கம்."

"உங்க முன்னாடியா மாமா?"

"நான் காதைப் பொத்திக்கறேன்."

பொத்தவில்லை என்பது வேறு விஷயம். கணவனின் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் அவள் ஒரு திட்டுத் திட்டினாள். மாடுகள் விறுவிறுவென்று நடந்தன. "ரெண்டு வார்த்தையை விட்டுட்டியே!" என்று மாமனார் எடுத்துக்கொடுத்தார்.

இப்படி உழவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற அதிகாரி சைக்கிளில் வந்தார். வாட்டசாட்டமாக ஒருத்தன் உழுவதைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பெரியவரே, ஆளை ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"கூட்டிட்டுப் போங்கய்யா. சொன்ன பேச்சு கேக்குற ஜென்மமில்ல இது. நீங்களாவது திருத்துங்க."

"ஏன்டா, ஊரே சண்டைக்குப் போயிருக்கு. உனக்கு வெட்கமா இல்ல?"

முகமெல்லாம் சேறோடு நின்றவள் வரப்பைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் கண்ணடித்தார். அவ்வளவுதான், அவளுக்கும் குறும்பு தொற்றிக்கொண்டது.

"வரேன் ஐயா," என்றாள் கட்டைக் குரலில். "துணி எடுத்துட்டு வர்ற வரைக்கும் ஏரைப் பிடிச்சுக்கங்க. விட்டா மாடு ஓடிடும்."

"நானும் உழவன் வீட்டுப் பிள்ளைதான்டா," என்று அதிகாரி பூட்ஸைக் கழற்றினார். மாடுகள் அவரையும் மதிக்கவில்லை. மாமனார் பக்குவமாகப் பாடம் நடத்த, அதிகாரி காது கூசுகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாக முழங்கியபடி உழத் தொடங்கினார்.

அவள் நிதானமாகச் சமைத்து, குளித்து, புடவை கட்டிக்கொண்டு சாப்பாட்டோடு திரும்பினாள்.

"எங்கம்மா அந்தப் பையன்?" என்றார் அதிகாரி, வியர்வை சொட்ட.

"நான்தாங்க."

முகத்தைப் பார்த்தார், குரலை யோசித்தார், உழுத வயலைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் காதுமடல் சிவந்துபோய் வரப்பில் உட்கார்ந்தார்.

"வெளியில சொல்லிடாதீங்க."

"சொல்லுவோமா?" என்றார் மாமனார். "அந்த மூலையை மட்டும் முடிச்சுடுங்க."

அதையும் உழுதுவிட்டுத்தான் சாப்பிட்டார். கையில் கொப்புளம். "எங்க வீட்லயும் இப்போ தங்கச்சிதான் உழறா," என்றார் தட்டைப் பார்த்தபடி. "இவ்வளவு கஷ்டம்னு தெரியாம, வேலை சரியில்லைன்னு அவளைத் திட்டிட்டு வந்தேன்." போனவனிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்று அவள் சொன்னதும், கணவன் எந்தப் படையில் இருக்கிறான் என்று கேட்டார். அந்தப் பக்கம் பாலம் உடைந்திருக்கிறது, கடிதம் வராததற்கு அதுதான் காரணம் என்றார். பல நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

அறுப்பு முடிந்த பிறகு கணவன் வந்துசேர்ந்தான். இடது தோள் மேலே எழும்பவில்லை. ஏர் அவளிடமே நின்றது. அடுப்பு அவனுக்குப் போனது.

"சண்டையில பொழச்சு வந்தவன் என்னைச் சோத்தாலயே கொல்லப் பாக்குறான்," என்று மாமனார் தட்டைத் தள்ளிவைத்தார். கணவன் முகம் வாடியது. அவள் அடிப்பிடித்த சோற்றில் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.