சரக்குக் கப்பலின் பின்பகுதி

சிஞ்ச்வட் வீட்டில் என் மகன் கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். அதிலிருந்து வந்த 'டிங்' என்ற ஒலி சமையலறைவரை கேட்டது. கேட்டதும் என் மனம் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த போபோடி சந்துக்குப் போய்விட்டது.

அங்கே எங்கள் ஒற்றை அறையில், அண்ணன் வாங்கி வந்த பழைய கணினியில் நானும் இதே மாதிரி ஆடியிருக்கிறேன். தானாகக் குறிபார்க்கும் வசதியை அணைத்துவிடுவேன். கப்பலின் வேகத்தையும் தூரத்தையும் நானே கணித்து, அது வந்து சேரப்போகும் வெறும் தண்ணீரை நோக்கி டார்பிடோவை விடுவேன். ஒருநாள் முதன்முறையாகக் குறி தப்பவில்லை. ஒரு சரக்குக் கப்பலின் பின்பகுதி பிளந்தது. நான் கத்திக் குதித்தேன்.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி ஆய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லிக் கட்டோடு வந்தார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அரே, பின்னாடியா அடிச்ச?" என்றார் ஆன்ட்டி. "அங்கதான் கிச்சன் இருக்கும்னு அங்கிள் சொல்வாரு."

என் முகம் சுட்டது. "சும்மா கேம்தான் ஆன்ட்டி" என்றேன்.

திரையில் அடுத்த கப்பல் வந்தது. ஆன்ட்டி என் அருகில் உட்கார்ந்தார்.

"நான் கப்பலையே பாத்ததில்ல பாப்பா. இத அடிக்காத. கொஞ்ச நேரம் பாக்கறேன்."

அது கண்ணுக்கு மறையும்வரை பெரிஸ்கோப்பை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.