சிவப்பு மையில் ஒரு ‘வேர்’

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கோடு போட்ட தாள் ஒன்று இருக்கிறது. நீல மையில் ஏழெட்டு ஆங்கில வரிகள். கடைசி வரியில் ‘விச்’ (which) என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதன் தலைக்கு மேல் சிவப்பிலேயே ‘வேர்’ (where) என்று திருத்தம். நீலம் ஒரு சிஸ்டருடையது. சிவப்பு என்னுடையது.

வெளிநாடு போகும் நர்சுகளுக்கு மார்த்தாண்டத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். எனக்கு இலக்கணம் நன்றாக வரும். அதில் அடக்கம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த சிஸ்டர் இனயத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வளைகுடாவில் பத்து வருஷம் வார்டு பார்த்தவர், என்னைவிட மூத்தவர். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆங்கிலத் தேர்வில் எழுத்துத் தாள் மட்டும் இரண்டு தடவை மயிரிழையில் போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் அந்த வேலை வேறொருவருக்கு.

இடம் என்றால் ‘வேர்’, பொருள் என்றால் ‘விச்’. பல வருஷமாக நான் பலகையில் எழுதிப்போட்ட விதி இது. சிஸ்டர் அதை அப்படியே நம்பி, வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் ‘வேர்’, விட்டுவிட்டு வந்த ஆஸ்பத்திரிக்கும் ‘வேர்’ போட்டார். இரண்டாவது தப்பு என்றேன். அவர் விடவில்லை.

“சாரே, ரெண்டும் எடந்தானே? நான் வேல பாத்த ஆஸ்பத்திரி, நான் விட்ட ஆஸ்பத்திரி. தமிழ்ல ஒண்ணுபோலத்தானே இருக்கு? இதுல வேர் எங்க கெடக்கு, விச் எங்க கெடக்கு?”

நியாயமான கேள்வி. நாளைக்குப் பார்ப்போம் என்று மழுப்பினேன். மறுநாள் காலை குளிக்கும்போது பிடி கிடைத்தது. தமிழைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன்: ‘இல்’ வருகிறது, ஆகவே ‘வேர்’. ஆஸ்பத்திரியை விட்டேன்: ‘இல்’ இல்லை, ஆகவே ‘விச்’. வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்கே என்மேல் மரியாதை கூடிற்று. சிஸ்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அந்த வாரம், மறக்க முடியாத ஓர் இடத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். டீக்கடையில் உட்கார்ந்து தாள்களை மளமளவென்று திருத்தினேன். சிஸ்டர் இனயத்துக் கடலைப் பற்றி எழுதியிருந்தார். என் அப்பாவை எடுத்துக்கொண்ட கடல் இதுதான் என்பது கடைசி வரி. கடல் இடம்தானே? பழைய கை, பழைய விதி; ‘விச்’சைச் சுழித்து ‘வேர்’ போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்தவர் நேரே என் மேஜைக்கு வந்தார். மருந்துச் சீட்டில் தப்பைக் கண்ட நர்ஸ் டாக்டரிடம் பேசுகிற குரல்.

“சாரே, ‘இல்’ போட்டுப் பாருங்க. கடலில் எடுத்ததுன்னா வேற ஆரோ எடுத்த மாதிரி ஆவும். ஆரும் எடுக்கல்ல. கடலாக்கும் எடுத்தது.”

என் விதியை என்னைவிடச் சரியாக அவர் போட்டுப் பார்த்திருந்தார். அதில் எனக்கு வெட்கமில்லை, சந்தோஷம்தான். ஆனால் அந்த வரியில் ஒரு தகப்பன் போயிருக்கிறார். என் கண்ணில் பட்டது ஒரு ‘விச்’ மட்டும். அதற்கு வெட்கப்பட்டேன், இன்றும் படுகிறேன். “நீங்க எழுதுனதுதான் சரி, சிஸ்டர்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இவர் தேறிவிடுவார் என்று அன்றே எனக்குத் தெரியும். தேறினார்.

போன மாதம் அயர்லாந்திலிருந்து லீவில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். மேஜையைக் கண்டதும் சிரித்தார்.

“இத இன்னும் கிழிச்சுப் போடல்லியா சாரே?”

புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இதைக் காட்டித் தப்பு எங்கே என்று கேட்பேன், எல்லோரும் நீலத்தில்தான் தேடுவார்கள் என்றேன். சிஸ்டர் கண்ணாடிமேல் விரலை வைத்தார். சிவப்பு வட்டத்தைத் தாண்டி, நீலத்தில் ‘அப்பா’ இருக்கிற இடத்தில் விரல் நின்றது.

“மொதல்ல இத வாசிக்கச் சொல்லுங்க சாரே. பெறவு தப்பத் தேடட்டும்.”