வெள்ளிக்கிழமை மத்தியானத்து அரிசி

இலவசமாகக் கொடுக்கும் அரிசியை வாங்க ஒருவர் ஏன் வராமல் இருப்பார்? இந்தக் கதை தெரிவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. ருக்ஷானாவுக்கும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருப்பவர் ருக்ஷானா. அங்குள்ள வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். வேலைக்குப் போயும் மாசக் கடைசியில் அடுப்பு எரியாத குடும்பங்களுக்கு, எந்த மதம் என்று பார்க்காமல், மாதம் ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் எண்ணெயும் தருவார்கள். முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கொடுப்பது வழக்கம். தொழுகைக்காகக் கடைகளை எப்படியும் சாத்தியிருப்பார்கள். கொடுக்கிறவர்களுக்கு அதுதான் தோதான நேரம். இரண்டு மாதம் வராதவர் பெயரை அடித்துவிட்டு, காத்திருக்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ப்பார்கள்.

மாசி மாதம் அடிக்க வேண்டிய பெயர்கள் பதினான்கு சேர்ந்துவிட்டன. எல்லாரும் கச்சிராயபாளையத்துக்காரர்கள். முதல் பெயர் ஜெயம்மாள்.

“தேவை இருந்தா வரமாட்டாங்களா, ருக்ஷானாம்மா? அடிச்சிடுங்க,” என்றார் தலைவர் கவுஸ் பாஷா. இரும்புக்கடைக்காரர்.

ருக்ஷானாவுக்குப் பேனா ஓடவில்லை. ஜெயம்மாளைச் சேர்த்ததே அவர்தான். கரும்புக்கட்டு தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருக்கும் கணவன் கொளஞ்சியப்பனையும், ஒன்பதாவது படிக்கும் மகள் ஷாலினியையும் நேரில் பார்த்திருந்தார். இரண்டே மாதத்தில் அந்த வீட்டுக்கு என்ன வசதி வந்திருக்கும்?

மறுநாள் டவுன் பஸ் ஏறினார். வீட்டில் கொளஞ்சியப்பன் மட்டும் இருந்தார். ஜெயம்மாள் வாய்க்கால் ஓரத்துக் கொல்லையில் கரும்பு வெட்டுவதாகச் சொன்னார்.

கரும்புத் தோகை கையைக் கிழிக்காமல் இருக்கப் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெயம்மாள் வெட்ட, பின்னாலேயே ஆண்டாள் என்பவர் தோகை கழித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஏன் அரிசி வாங்க வரவில்லை என்று ருக்ஷானா கேட்டபோதும் அரிவாள் நிற்கவில்லை.

“இன்னாக்கா கேக்குறீங்க? இது ஜோடி வேலை. நான் நின்னா ஆண்டாளுக்கும் கூலி இல்ல. ரெண்டு தடவ நின்னா மேஸ்திரி வேற ஜோடிய சேத்துக்குவாரு. வூட்டுக்காரரு எழுந்து நடக்க மாட்டாரு, புள்ள பள்ளிக்கூடம் போவுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மா குந்திக்கினு இருக்கிறவங்கதான் உங்க அரிசிய வாங்க முடியும்.”

“வாயக் கொஞ்சம் கம்மி பண்ணு. அக்கா கோச்சிக்கினு பஸ் ஏறிடப் போறாங்க,” என்றார் ஆண்டாள்.

ருக்ஷானாவுக்குக் கோபம் வரவில்லை. அடுத்து ஜெயம்மாள் சொன்னதுதான் அவரை உலுக்கியது. ரேஷன் அரிசி இருபது நாளைக்குக்கூட வரவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து ஷாலினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தோகை கழிக்கக் கூட்டி வரப்போகிறாராம்.

ருக்ஷானா நேராக இரும்புக்கடைக்குப் போனார். வேலை விட்டுத் திரும்பும் நேரத்தில், அவர்கள் ஊரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். சாயந்திரம்தான் வியாபாரமே, கடையை விட்டு யார் வருவது என்று கவுஸ் பாஷா மறுத்தார்.

“நாம ஒரு மணி நேரம் சாத்தினா வியாபாரம் கம்மியாவும், பாய். அவங்க ஒரு நாள் நின்னா உலையே ஏறாது. நம்ம தோதுக்கு நேரம் வச்சிட்டு அவங்க பேர அடிச்சா எப்படிங்க?”

கவுஸ் பாஷா லோடு ஆட்டோ சாவியை எடுத்தார். “நானே ஓட்டியாறேன். பஞ்சர் ஆனா நீங்கதான் தள்ளணும்.”

ஞாயிறு சாயந்திரம் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் ஆட்டோ நின்றது. பதினான்கு பேரில் பதினோரு பேர் கொல்லையிலிருந்து அரிவாளும் கையுமாக வந்தார்கள். மற்ற மூவர் வேறு ஊருக்கு வெட்டப் போயிருந்தார்கள். அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

கொளஞ்சியப்பனின் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. கூலியும் கூடவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஷாலினி பள்ளிக்கூடம் போனாள்.

உங்கள் ஊரிலும் அரிசியோ நோட்டுப் புத்தகமோ கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். ருக்ஷானாவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். வாங்க வேண்டியவர்கள் எத்தனை மணிக்கு வேலை விட்டு வருகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.