ஒரே கோட்டுக்குள் இரண்டு காணி

அப்பாவும் பெரியப்பாவும் கதைக்காமல் போனது ஒரு முழ நிலத்தால். உரும்பிராயில் எங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருந்த வேலியை மற்றவர் தள்ளி நட்டுவிட்டதாக ஆளையாள் குற்றம் சொன்னார்கள். வேலிக்கு நட்ட கதியாலுக்குக் கால் முளைத்ததாம்! கடைசியில் எண்பத்தாறாம் ஆண்டு மாரிக்கு முன், பெரியப்பா தன் பக்கத்தால் குளத்துக்குப் போகும் எங்கள் வெள்ளவாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார். அப்பா வழக்குப் போட்டார்.

அந்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரை நில அலகுகளாகப் பிரித்து வரைந்து வரச் சொன்னார்கள். மண்ணும் தண்ணீரும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிச் சேருகிற இடமெல்லாம் ஓர் அலகு. காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள எல்லையைப் பார்க்கக்கூடாது. முதல் மழைக்குள் நடந்து, நிலம் சரியும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் ஒழுங்கை, எங்கள் தோட்டம், பெரியப்பாவின் தோட்டம், கீழே குளம் எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் அடக்கினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார்.

"உவன்ரை காணியையும் என்ரை காணியையும் ஆரடி ஒண்டாக்கச் சொன்னது?"

"தண்ணிதான்" என்றேன்.

"வாய்க்கொழுப்பு" என்று படத்தைத் தட்டிவிட்டார்.

கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. போக வழியில்லாமல் வெள்ளம் எங்கள் வெங்காயத்துக்குள் நின்றது. அந்த வெங்காயந்தான் எங்கள் வீட்டுச் சோறு. அடைப்பை வெட்டிவிடச் சொன்னேன்.

"கை வைக்காதை. விசாரிக்க வாறவை அவன் செய்த வேலையைக் கண்ணாலை பாக்கட்டும்."

"வெங்காயம் அழுகுமெல்லோ?"

"அழுகட்டும்."

இந்த மனிசனுக்குப் பயிரைவிட வழக்குத்தான் பெரிது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆள் நுழையும் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து, பெரியப்பாவின் காணிக்குள் நின்றே அடைப்பை வெட்டினேன். தண்ணீர் பழைய வாய்க்காலாலேயே இறங்கிக் குளத்துக்குப் போனது.

பெரியப்பா குடையோடு வந்தார். வேலிக்கு மற்றப் பக்கம் அப்பா நனைந்துகொண்டு நின்றார்.

"ஆரைக் கேட்டு உள்ளை வந்தனி?" என்றார் பெரியப்பா.

அப்பாதான் கதைத்தார். என்னிடம் அல்ல, தன் அண்ணனிடம்.

"உவளுக்குப் படிப்புக் கூடிப்போச்சு, அண்ணை."

"ஓம்" என்றார் பெரியப்பா.

வெங்காயம் தப்பியது. இருவரும் மறுபடி கதைக்கத் தொடங்கியது என்னை ஏசுவதற்காகத்தான். அதற்கு இன்றைக்கும் நான் அவர்களை மன்னிக்கவில்லை.