நான் சேராத சட்டக் கல்லூரி

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். செக்‌ஷனில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேஜை. என்னைவிட ஏழு வயது இளையவள். நான் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் சேர்ந்து, தபாலில் டிகிரி முடித்து ஆபீசுக்குள் வந்தவள். அவள் நேராக ஆபீசுக்கே வந்தவள். லேட்டாக வருகிறவர்களுக்கு மெமோ அடிப்பதும், ஆடிட் சமயத்தில் பைல்களைச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை.

ஒருநாள் தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிவகங்கைப் பக்கத்துக்காரி. கையில் வேலைநீக்கக் கடிதம். அதை டைப் செய்தவள் நான்தான்.

“அக்கா, இதுல என்னதான் எழுதிருக்கு? எனக்கு வெளங்கல. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்.”

வாசித்துச் சொன்னேன். “இதுக்கு நான் என்ன செய்யணும்க்கா?” என்று கேட்டாள். பதில் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. யாராவது வக்கீலைப் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினேன்.

பக்கத்து மேஜையில் இருந்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே கேட்டாள்: “அக்கா, நாம ரெண்டு பேரும் வக்கீலுக்குப் படிச்சா என்னங்க?”

டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷம். கோயம்புத்தூருக்குத் தினமும் போய் வரலாம். வேலையை மட்டும் விட வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க, கம்பெனி வேனில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும், மனசுக்குள் யாரிடமோ வாதாடிக்கொண்டே இருந்தேன். ஒருதடவை வாய்விட்டே பேசிவிட்டேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

என் கணவர் நிட்டிங் மிஷின் மெக்கானிக். தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

“படிக்கோணும்னா படி புள்ள. மூணு வருசந்தானே, பாத்துக்கலாம்.”

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. நானே உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எனக்கு முப்பத்தாறு. மகள் நாலாம் வகுப்பு. படித்து முடிப்பதற்குள் நாற்பதை நெருங்கிவிடுவேன். அப்புறம் ஒரு சீனியர் பின்னால் பைல் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் நிற்பது? இவ்வளவுக்கும் அது பெறுமா?

கடைசித் தேதியன்று அவள் கேட்டாள். “அப்ளிகேஷன் போட்டுட்டீங்களாக்கா?”

“இல்ல கண்ணு. எனக்கு ஒத்து வராது. நீ போ.”

அவள் போனாள். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து திரும்ப பஸ் ஏறியதும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாள். “அக்கா, இன்னைக்கு ஒப்பந்தச் சட்டமுங்க. ஒருத்தர் பேப்பர்ல விளம்பரம் குடுத்தா அது வாக்குறுதியா இல்லையான்னு ஒரு மணி நேரம் சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?” நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே பதில் சொல்லுவேன். நான் சொன்னதும் அந்த வழக்கின் தீர்ப்பும் ஒன்றாக இருந்துவிட்டால் அன்றைக்கு ரசம்கூட நன்றாக அமையும். இரண்டாம் வருஷம் மெசேஜ் குறைந்தது. கூடப் படிக்கிறவர்கள் இருந்தார்கள், அவர்களோடு பேச்சு. அது நியாயம்தான். ஆனாலும் ஆறு மணியானால் என் கை போனைத் தேடும்.

வக்கீலாகப் பதிவு செய்ய அவள் சென்னைக்குப் போனபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். முகம் கழுவப் போகும்போது புது வக்கீல் கவுனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பழக்கதோஷத்தில் என் விரல் தையலைத் தடவியது. ஒரு தோளில் மடிப்பு கோணல், ஓரத்தில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் என்றால் ரிஜெக்ட் செய்திருப்பேன். வராந்தாவில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. தோளில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது. போடவில்லை. அவள் வந்ததும் நூலைக் கடித்து எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் பர்மிஷன் போட்டுவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். இரண்டு வருஷமாக வாய்தா வாங்குவதுதான் வேலை என்றாள். கட்சிக்காரர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, “பெரிய வக்கீல் இல்லீங்களா?” என்று கேட்கிறார்களாம்.

“நீங்க வராததே நல்லதுங்கக்கா. தப்பிச்சீங்க.”

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். எனக்குச் சுரீர் என்றது.

“அப்படிச் சொல்லாத கண்ணு. எனக்கு அந்த வாய்தா வாங்கறது வேணும். அந்தக் கூட்டத்துல நிக்கறது வேணும்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, “இந்த வருசம் அப்ளிகேஷன் போடுங்கக்கா. புக்கெல்லாம் நாந் தர்றேன்” என்றாள்.

“பாப்பா அடுத்த வருசம் பத்தாவது. அது முடியட்டும்.”

அவள் தலையாட்டினாள். அதற்குள் சீனியர் போனில் கூப்பிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினாள். கேட்டுக்குள் ஒரு கறுப்புக் கோட்டுக் கூட்டம் நுழைந்துகொண்டிருந்தது. அதில் எது அவள் முதுகு என்று தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.