சுலோச்சனா அக்காவின் கை அளவு

தையற்காரிகளுக்கு ஒரு சாபம் உண்டு: ஊரார் உடம்பு மாறுவது அவர்களுக்குத் தெரியும் முன்னே எங்கள் டேப்புக்குத் தெரிந்துவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஜாக்கெட் தைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட தோழிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

அளவு ஜாக்கெட்

சுலோச்சனா அக்கா பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பிள்ளைகள் சென்னையில். விருத்தாசலத்தில் என் கடைக்கு நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. சாகும்வரை சொந்த வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதம்.

வழக்கம்போல் பழைய ஜாக்கெட்டையே அளவுக்குக் கொடுத்தார். நூல் பிசகாமல் தைத்தேன். போட்டுப் பார்த்தால் வயிற்றில் கொக்கி சேரவில்லை, கைப் பக்கம் தொளதொளவென்று தொங்குகிறது. கண்ணாடியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இது வேற எவளோ உடம்புக்குத் தச்சது. என்னுத எங்க வச்சிருக்க?”

கடைப்படி

பிரித்துத் தைத்ததை வாங்க வந்தார். என் கடைக்கு ஒரே ஒரு படி. கதவைப் பிடித்துக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார். உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். சேலை எதிலும் மாட்டியிருக்கவில்லை.

“யாரோ சேலைய மிதிச்சிக்கிட்டு நிக்கிறாங்கடி. கொஞ்ச நாளாவே வுட மாட்டேங்கறாங்க.”

பத்தியம்

வயிறுதான் குற்றவாளி என்று அவரே தீர்ப்பெழுதி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். முட்டை, பயறு எல்லாம் போயிற்று. எடை குறைந்த சந்தோஷத்தில் என்னிடம் வந்தார். அளந்தேன். வயிறு அவ்வளவாக அசையவில்லை, கைதான் இன்னும் இளைத்திருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

அக்கா கம்பெனியில் பொம்மை அச்சில் மண்குழம்பு ஊற்றியவர். ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வடித்துவிடுவார்கள். பொம்மை வெறும் கூடாக நிற்கும்.

“மேலுக்கு அப்படியேதான் இருக்கேன். உள்ள இருக்கறத யாருடி வடிக்கிறாங்க?”

தாழ்ப்பாள்

ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டதும் “வாடி” என்று சாதாரணமாகக் குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி “வாடி”.

ஜன்னல் வழியே பார்த்தேன். உரித்த மொச்சையும் முறமுமாகத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விழவில்லை, அடிபடவில்லை. காலையில் உட்கார்ந்தவர்தான். பக்கத்து வீட்டார் தாழ்ப்பாளை நெம்பித் திறக்கும் வரை அவர் முகத்தில் பயமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சென்னைக்குச் சொன்னால் வீட்டைப் பூட்டி அழைத்துப் போய்விடுவார்கள், சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுமில்லடி, ஒரு வலிகூட இல்ல. எழுந்திரிக்கற ஆளத்தான் காணோம்.”

வடிந்துபோனது கை கால் சதைதான் என்று என் டேப் முன்னமே சொல்லியிருந்தது. இப்போது அக்காவை முட்டை சாப்பிட வைத்து, தினமும் உட்கார்ந்து எழப் பழக்குகிறேன், துணைக்கு நானும் உட்கார்ந்து எழுகிறேன். எங்களில் யார் கை ஊன்றி எழுகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.